மாப்பிள்ளைக்குச் சொல்லாத அபராதம்

முதல் நோட்டீஸ் வந்தபோது முகிலன் அது தனக்குத்தான் என்று நினைத்துவிட்டான். பெயர் அவன் பெயர். முகவரியும் மில்பிடாஸில் அவன் வீட்டு முகவரிதான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு வெள்ளைக் காரின் பின்பக்கப் படம், நம்பர் பிளேட் பளிச்சென்று. கீழே இடம், நேரம், போகவேண்டிய வேகம், போன வேகம். அவன் ஓட்டுவது சாம்பல் நிற வண்டி. இந்த வெள்ளைக் கார் அவன் பெயரில் இருக்கிறதே தவிர, அதை ஓட்டுகிறவர் அவனுடைய தங்கை வான்மதியின் கணவர் ஜெயபிரகாஷ்.

மாப்பிள்ளை ஓட்டும் வண்டி மச்சான் பெயரில் ஏன் இருக்கிறது என்று கேட்கலாம். ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கியவருக்கு இங்கே எந்த பேங்க்காரன் லோன் கொடுக்கிறான்? கடன் வாங்கிக் கட்டிய கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று கையை விரித்துவிடுவான். அதனால் முன்னாடியே வந்தவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுப்பார். "அப்புறம் பேர் மாத்திக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் மட்டும் வராது. இவர்கள் விஷயத்திலும் வரவில்லை.

சான் ஹோசேயில் சில சாலைகளில் வேகத்தைப் பிடிக்கும் கேமரா வைத்திருந்தார்கள். வான்மதியின் மகள் வெண்பா படிக்கும் ஸ்கூலுக்குப் போகும் அகலமான சாலையிலும் ஒன்று. கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே போர்டு வேறு. அந்தக் கேமரா ஓட்டுகிறவர் முகத்தைப் பார்க்காது. பின்னாலிருந்து நம்பரைப் படம் பிடித்து, வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு நோட்டீஸ் அனுப்பிவிடும். லைசென்ஸில் ஒரு கரும்புள்ளியும் விழாது. பணத்தைக் கட்டினால் முடிந்தது.

முகிலனின் மனைவி சாரதா நோட்டீஸை வாங்கி நேரத்தைத்தான் முதலில் பார்த்தாள். சென்னைக்காரி, எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"என்னங்க, இது வெண்பாவை ஸ்கூல்ல டிராப் பண்ற டைம். குழந்தை பின்னாடி உக்காந்திருக்கா. இவ்ளோ ஸ்பீடுல போயிருக்காரு. இன்னிக்கே கொண்டு போய் அவர் கையில குடுங்க."

"குடுக்கலாம்" என்றான் முகிலன்.

"குடுக்கலாம் இல்ல. குடுங்க."

கொடுத்திருக்கலாம்தான். ஒரு காகிதத்தை இருபது நிமிஷம் கார் ஓட்டிப் போய் ஒருவர் கையில் கொடுப்பதில் என்ன பெரிய கஷ்டம்? ஆனால் கையை நீட்டி வாங்கப்போகிறவர் மாப்பிள்ளை. கோபிச்செட்டிபாளையத்தில் முகிலன் வளர்ந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு உள்ள கனம் சாரதாவுக்குப் புரியாது. வயதில் ஜெயபிரகாஷ் இவனைவிட ஐந்து வருஷம் சின்னவர். ஆனாலும் வாங்க, போங்க, உக்காருங்கதான். கல்யாணத்தன்று பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கு இலை போடத் தாமதமானதற்கு மாப்பிள்ளை முகம் வாடிய வாட்டத்தை முகிலனின் அம்மா இன்னும் மறக்கவில்லை. வாரா வாரம் போனில் கடைசியாக ஒன்று சொல்லித்தான் வைப்பாள்: "மாப்பிள்ளை மனசு கோணாமப் பாத்துக்க கண்ணு. அவ அங்க ஒத்தப் புள்ளையா இருக்கறா."

அதுவும் போக, சூடு கண்ட அனுபவம் ஒன்றும் இருந்தது. ஜெயபிரகாஷ் வந்த புதிதில் ஒருநாள் முகிலன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனான். ஸ்டாப் போர்டில் வண்டி நிற்காமல் ஊர்ந்து போனது. "மாப்பிள்ளை, இங்கெல்லாம் சுத்தமா நிறுத்திட்டுத்தான் எடுக்கோணும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வீடு போய்ச் சேரும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் இவர்கள் வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. தங்கையிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "நீ எதுக்குண்ணா அதைச் சொன்னே?" என்று வான்மதி போனில் அழுதாள். அன்று போட்டுக்கொண்ட பூட்டுதான் அவன் வாயில்.

ஆகவே முகிலன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். நம்பரைத் தட்டினான், கார்டு நம்பரைப் போட்டான், முடிந்தது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். வண்டிக்குச் சொந்தக்காரரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆளாக இருப்பார்கள், இல்லாவிட்டால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நம்பியிருப்பார்கள். பாவம், அவர்களுக்கு மாப்பிள்ளை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இரண்டாவது நோட்டீஸ் தீபாவளி முடிந்து வந்தது. அதே சாலை, அதே காலை நேரம். வேகம் மட்டும் முன்னைவிட அதிகம்.

இந்த முறை முகிலன் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தான். பின்கண்ணாடிக்குள் ஒரே இருட்டு. அதற்குள் ஒரு சின்னத் தலை தெரிகிறதா என்று தேடினான். வெண்பாவுக்கு ஆறு வயது. காரில் அவள் உயரமாக உட்காரும் பூஸ்டர் சீட் இவன் வாங்கிக் கொடுத்தது. கடையில் அவளே ஏறி உட்கார்ந்து பார்த்து, ஊதா நிறம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து எடுத்தாள். படத்தில் ஊதாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் அங்கேதான் இருந்தாள் என்று அவனுக்குத் தெரியும். அன்று முழுக்க ஆபீஸில் வேலை ஓடவில்லை.

சாயங்காலம் அதையும் கட்டிவிட்டான்.

பொங்கலுக்கு எல்லோரையும் முகிலன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேரேஜ் கதவைத் திறந்து வைத்து, கேஸ் அடுப்பில் பானை வைத்துப் பொங்க விட்டு, எல்லோரும் சத்தம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். முகிலனோடு வேலை செய்யும் ரஞ்சித்குமார் பேச்சுவாக்கில் தனக்குக் கேமரா ஃபைன் வந்த கதையை எடுத்துவிட்டான்.

"கசக்கத்தான் செஞ்சுது. ஆனா ஒண்ணு சொல்றேன், அதுக்கப்புறம் அந்த ரோட்ல என் கால் தானா பிரேக்குக்குப் போகுது. வொர்க் ஆகுதுப்பா."

ஜெயபிரகாஷ் சிரித்தார். நன்றாகச் சிரிப்பார் அவர். சபையில் நாலு பேரைப் பிடித்து உட்கார வைக்கிற பேச்சு அவருக்கு உண்டு.

"அட போங்க ரஞ்சித். எல்லாம் வசூலுங்க. சிட்டிக்குக் காசு வேணும், கம்பத்துல பெட்டியை மாட்டிட்டான். சேஃப்டியாம், சேஃப்டி! நல்லா ஓட்டறவன் எங்க எப்படிப் போகோணும்னு தெரிஞ்சுதான் போவான். அந்த ஸ்கூல் ரோட்டுல டெய்லி போறேன் வர்றேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு ஃபைன்? ஒண்ணே ஒண்ணு? கேட்டுப் பாருங்க மச்சானை, வண்டி அவர் பேர்லதான் இருக்குது."

எல்லோரும் முகிலனைப் பார்த்தார்கள். சாரதா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். முகிலனுக்குக் காது சூடானது. சர்க்கரைப் பொங்கலை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஜெயபிரகாஷ் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? கேமராவே சர்ட்டிபிகேட் குடுக்குது!"

"மை டாட் இஸ் எ ராக்கெட்!" என்று வெண்பா கையை உயர்த்திக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். முகிலனும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகப் பிற்பாடு அவன் தன்னைத்தானே எத்தனை முறை திட்டிக்கொண்டான் என்று சொல்ல முடியாது.

சாப்பாடு முடிந்து பாத்திரம் ஒழிக்கும்போது வான்மதி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணா, நம்ம வண்டிக்கு ஏதாச்சும் வந்துச்சா?"

"என்ன வரோணும்?"

"இல்ல, ஃபைன் கியின். உன் பேர்லதானே வரும், அதான் கேட்டேன்."

பாவம், அண்ணனுக்குச் செலவு வைத்துவிட்டோமோ என்று பயப்படுகிறாள் என்று முகிலன் நினைத்தான். மாப்பிள்ளை காதில் விழுந்தால் இவளைத்தான் குடைவார் என்றும் நினைத்தான். தங்கையின் தோளைத் தட்டினான்.

"ஒண்ணும் வரல அம்மிணி. நீ நிம்மதியா இரு."

வான்மதி கையிலிருந்த பானையை ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். "சரிண்ணா" என்றாள். குழாயை மூடினாள்.

மூன்றாவது நோட்டீஸ் பிப்ரவரியில் வந்தது. சாரதா இந்த முறை சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட அவனுக்குத் தேவலை என்று இருந்திருக்கும். நோட்டீஸை மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கேமரா அது வேலையை ஒழுங்காத்தான் பண்ணுது. யார்கிட்ட சொல்லணுமோ அவர்கிட்ட போய்ச் சேர விடாம நடுவுல நீங்க நிக்கிறீங்க. நாளைக்கு அந்தக் குழந்தைக்கு ஒண்ணுன்னா யார் முகத்துல முழிப்பீங்க?"

முகிலனுக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் புறப்பட்டான். எப்படி ஆரம்பிப்பது, என்ன சொல்வது என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனான். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க." வேண்டாம், அப்படி ஆரம்பித்தாலே தப்பாகத்தான் எடுத்துக்கொள்வார். "மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம்." இது பரவாயில்லை.

ஜெயபிரகாஷ் கதவைத் திறந்த வேகத்திலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க மச்சான், வாங்க! இப்பத்தான் உங்களை நினைச்சேன்." வான்மதி வெண்பாவை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவரே டீ போட்டார். வெண்பா வரைந்த படங்களை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றில் ஒரு பெரிய கார், அதில் மூன்று தலைகள். "இந்த மீசை நானாமுங்க" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் சட்டைப் பையில் கையை விட முகிலனுக்கு மனம் வரவில்லை.

டீ ஆறியது. கடைசியில் எழுந்து நின்றுகொண்டு, செருப்பைத் தேடுகிற சாக்கில் சொன்னான்.

"ஸ்கூல் ரோட்டுல கேமரா இருக்குது, மாப்பிள்ளை. கொஞ்சம் பாத்துப் போங்க."

"அது நம்ம தோஸ்து மச்சான்!" என்று ஜெயபிரகாஷ் அவன் முதுகில் தட்டினார். "என்னை ஒருநாளும் தொந்தரவு பண்ணுனதில்லை."

இவ்வளவு தூரம் வந்த ஆள் அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. திரும்பி வரும்போது கேமரா இருக்கும் அந்தச் சாலை வழியாகவே வந்தான். சொன்ன வேகத்துக்கு ஒரு மைல்கூட கூட்டாமல் ஓட்டினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டே இவனைத் தாண்டிப் போனான். சாரதாவிடம் "சாடையாச் சொல்லிட்டேன்" என்றான். அவள் உள்ளே போய்விட்டாள். மூன்றாவது ஃபைனையும் அவனே கட்டினான்.

மார்ச் மாதம் ஒரு மழை நாளில், மதியம் மீட்டிங்கில் இருக்கும்போது சாரதாவின் போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுத்தான். அவள் அழாமல் பேச முயற்சி செய்தது அவனுக்குக் கேட்டது.

ஸ்கூல் சீக்கிரம் விடும் நாள் அது. வெண்பாவை ஏற்றிக்கொண்டு ஜெயபிரகாஷ் வந்திருக்கிறார். கேமராவைத் தாண்டி அடுத்த சிக்னலில் ஒரு டிரக் இடது பக்கம் திரும்பியிருக்கிறது. மெதுவாக வந்திருந்தால் கார் நின்றிருக்கும். நனைந்த ரோட்டில் பிரேக் பிடித்த வண்டி சுற்றிப்போய் விளக்குக் கம்பத்தில் மோதியிருக்கிறது. ஊதா சீட் இருந்த பக்கம்.

ஆஸ்பத்திரிக்கு முகிலன் எப்படி ஓட்டிப் போனான் என்று அவனுக்கே தெரியாது. வெண்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டு போயிருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இடுப்பும் வலது தொடை எலும்பும் நொறுங்கியிருக்கிறது, அவள் நடப்பாளா என்று இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வான்மதி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெண்பாவின் ஸ்கூல் பை. அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

ஜெயபிரகாஷ் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். நெற்றியில் ஒரு பிளாஸ்திரி, சட்டையில் ரத்தம். போலீஸ்காரர் ஒருவர் அவரிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஜெயபிரகாஷ் குரல் நடுங்கினாலும் இங்கிலீஷில் தெளிவாகத்தான் சொன்னார். தினமும் அந்த வழியாகத்தான் போகிறேன், அங்கே கேமரா இருக்கிறது, இதுவரை ஒரு டிக்கெட்கூட வந்ததில்லை, வேண்டுமானால் பாருங்கள், நான் வேகமாக ஓட்டுகிறவன் இல்லை. பொய் சொல்கிறவர் முகம் இல்லை அது. அவர் அதை மனதார நம்பினார். நம்ப வைத்தவன் இங்கே நின்றுகொண்டிருந்தான்.

போலீஸ்காரர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். முகிலன் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அவர் வேகமாத்தாண்ணா ஓட்டுவாரு" என்றாள் வான்மதி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பக்கத்துல உக்காந்து போற எனக்குத் தெரியாதா? கதவுப் பிடியைப் பிடிச்சுட்டே வருவேன். சொன்னா, உனக்கு எல்லாத்துக்கும் பயம்பாரு. அந்தக் கேமராவை வச்சப்போ எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா? நான் சொல்லிக் கேக்க மாட்டாரு, ஒரு ஃபைன் வந்தா அது சொல்லட்டும்னு இருந்தேன். உன் வீட்டுக்குத்தானே வரும், எப்ப வரும் எப்ப வரும்னு காத்துட்டே இருந்தேண்ணா."

முகிலன் அவள் மடியிலிருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ ஒண்ணும் வரலைன்னு சொன்னதும், சரி, நாமதான் வீணாப் பயந்துட்டு இருக்கறோம், அவர் ஓட்டறது சரிதான் போலன்னு நினைச்சுட்டேன். அன்னிக்கு இருந்து அவரை ஒரு வார்த்தை சொல்லல. ஒரே ஒரு ஃபைன் வந்திருந்தா..."

"வந்துச்சு அம்மிணி."

ஜிப் பாதியில் நின்றது.

"மூணு வந்துச்சு. நான்தான் கட்டினேன். உனக்குச் சங்கடம் வரக்கூடாதுன்னு, மாப்பிள்ளை மனசு..." முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான்.

வான்மதி அழவில்லை. அண்ணனைப் புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"உன்னைக் கேட்டனேண்ணா" என்றாள். "உன் வீட்டுல, பொங்கல் அன்னிக்கு, பக்கத்துல வந்து நின்னு கேட்டனே."

ஜெயபிரகாஷ் அருகில் வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முகிலன் இத்தனை வருஷமாகப் பயந்துகொண்டிருந்த அந்த முகம் இப்போது எதிரில் நின்றது. அதில் கோபம் இல்லை. அடிபட்ட குழந்தை முகம்போல இருந்தது.

"மூணு தடவையா மச்சான்?" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேட்டிருப்பனே."

கேட்டிருப்பாரோ, மாட்டாரோ. இனிமேல் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் வந்து, குழந்தையைப் பார்க்கலாம், இப்போதைக்கு ஒருவர் மட்டும் என்றாள். இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் அடி எடுத்து வைத்தார்கள். வான்மதி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், அவர்கள் இருவருக்கும் நடுவில் நடந்து உள்ளே போனாள்.